பதிவறையிலிருந்து வந்த பாதை

சாத்தனேரி முன்சீப் கோர்ட்டில் முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கும் பதிவறைக்கு ஒரு கதவும் கம்பி போட்ட ஒரு ஜன்னலும்தான் உண்டு. அந்த ஜன்னலுக்கு வெளியே, ஆடி மாசம் பிறந்ததிலிருந்து ஆவணி முடியும்வரைக்கும், செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் மூன்று மணிக்குப் பேச்சிக்கனி வந்து நின்றாள். ஓடைத்தெருப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சேலையில் சாம்பார் வாசனையோடேயே ரெண்டு மணி பஸ்ஸைப் பிடித்து வருவாள். அவள் தேடி வந்தது ஒரு தீர்ப்பு. வழக்கின் நம்பர் அவளுக்குத் தெரியாது, வருஷம் தெரியாது, அவளுடைய அப்பா அதில் வாதிகளில் ஒருத்தர் என்பதும், அவர் ஜெயித்தார் என்பதும் மட்டும்தான் தெரியும்.

ஓடைத்தெருவுக்கும் அந்தத் தெருவின் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு புன்செய்க் காடு கிடக்கிறது. அந்தக் காட்டின் குறுக்கே பாடை போகிற பாதை ஒன்று இருந்தது. போன பங்குனியில் காட்டை வாங்கிய வெளியூர்க்காரர் முருங்கை போடப்போகிறேன் என்று நான்கு பக்கமும் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்ததில் பாதை உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு தெருவில் விழுந்த இரண்டு சாவையும் ஓடைக்குள் இறக்கித்தான் கொண்டுபோனார்கள். இரண்டாவது சாவு கோடைமழை பெய்த மறுநாள் நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நாலு பேரும் தடுமாறியதில் பாடை ஒருபக்கமாகச் சாய்ந்து, செத்துப்போன சண்முகக்கனியின் தலைமுடி அவிழ்ந்து தண்ணீரில் மிதந்துகொண்டே வந்ததைக் கரையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

பேச்சிக்கனியின் அண்ணன் ஆண்டிமுத்துவும் பார்த்தான். அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு இரண்டு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறவன். தன் நாள் ரொம்ப தூரத்தில் இல்லை என்பதை டாக்டர்கள் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தான். அதைப் பற்றி அவன் அழுததில்லை. அன்றைக்கு ராத்திரி கஞ்சி குடிக்கும்போது தங்கச்சியிடம் சொன்னது இவ்வளவுதான்.

"எனக்கு நீச்சல் தெரியாதுட்டி, பேச்சி. என்னைத் தண்ணிக்குள்ள எறக்கிராத."

தாலுகா ஆபீசில் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, இதில் பாதை என்று எதுவும் இல்லையே என்றார்கள். கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினோம் என்று அவள் சொன்னதற்கு, அப்படியென்றால் அதனுடைய சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள், அடுத்த நாளே வேலியை எடுக்கச் சொல்கிறோம் என்றார்கள். அப்பா தகரப்பெட்டியில் வைத்திருந்த நகலைக் கறையான் தின்று ரொம்ப வருஷமாகிறது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரோடு சேர்ந்து வழக்குப் போட்ட மற்ற ஆறு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பதிவறை எழுத்தர் அருள்தாசனுக்கு ஐம்பத்தாறு வயசு. காகிதத் தூசியிலேயே முப்பது வருஷம் இருந்ததால் மூச்சிரைப்பு. ஆளைத் திருப்பி அனுப்பத் தெரியாத மனுஷன். நம்பர் இல்லாமல், வருஷம் இல்லாமல் கட்டைத் தேட முடியாது என்பதைத்தான் அவரும் முதல் நாள் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் போகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, வழக்குகளைப் பதிந்துவைத்திருக்கும் பழைய பதிவேட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பது விதி. பதிவேடு வெளியே போகக் கூடாது என்பதும் விதி. அதனால் அவர் ஜன்னலுக்கு உள்ளே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசித்தார், அவள் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்.

வாதி குருமலை, பிரதிவாதி சின்னக்குருமலை, கிணற்றில் பாதி. வாதி ஞானவடிவு, பிரதிவாதி அவள் புருஷன், சேர்ந்து வாழவேண்டும். வாதி அய்யம்பெருமாள், பிரதிவாதி பக்கத்து வீட்டுக்காரர், சுவரில் புதுசாக வைத்த ஜன்னலை அடைக்கவேண்டும். இப்படி ஒரு வருஷத்துக்கு முந்நூறு, நானூறு பேர். அவள் "இது இல்ல ஐயா, இது இல்ல ஐயா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வராந்தாவில் வாய்தாவுக்குக் காத்திருக்கிறவர்கள் முதலில் வேடிக்கையாகக் கேட்டார்கள், பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். எங்கேயோ ஒரு பெயர் வரும்போது கூட்டத்திலிருந்து ஒருத்தர் "அது எங்க பெரியப்பா" என்பார். இன்னொருத்தர் அந்தக் கிணறு இப்போது தூர்ந்துபோய்விட்டது என்று சொல்லுவார். மூன்றாவது வாரத்திலிருந்து வழக்கே இல்லாதவர்களும் செவ்வாய் வெள்ளி மத்தியானம் வரத் தொடங்கினார்கள். தங்கள் வீட்டில் செத்துப்போன யாருடைய பேராவது வருமா என்று கேட்பதற்காக.

ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை, அறுபத்தாறாம் வருஷத்துப் பதிவேட்டில், இருநூற்றுப் பதினாலாம் நம்பரில் அருள்தாசன் வாசித்தார்: "வாதிகள் ஏழு பேர். மூன்றாவது, எசக்கிமுத்து. பிரதிவாதி வேலாயுதம். பாதை." அப்பா பேரைக் கேட்ட பேச்சிக்கனி, 'இது இல்ல' என்று சொல்லவில்லை. வராந்தாவில் இருந்தவர்களெல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அருள்தாசன் உள்ளே போய் ஏணி போட்டு ஏறி, அரைமணி நேரம் இருமியபடி தேடி, சிவப்பு நாடா வெளுத்துப்போன ஒரு கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்துக்காகக் கதவோரம் இருந்த மேஜையில் வைத்து நாடாவை அவிழ்த்தார். தீர்ப்பு இருந்தது, தீர்ப்பாணை இருந்தது, முன்சீப்பின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அதற்கடியில் தபசில் இருந்தது. வழக்குக்குரிய சொத்து எது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நாலு பக்கமும் எல்லை என்ன என்று எழுதுகிற தாள் அது. அந்தத் தாளை அவர் புரட்டியபோது அதிலிருந்து முதலில் ஒரு கைப்பிடி செம்மண் மேஜைமேல் விழுந்தது, பிறகு ஒரு சாண் அகலத்துக்கு மண் வழிந்தது, பிறகு சுருட்டிவைத்த பாயை யாரோ தள்ளிவிட்டதுபோலப் பாதை மேஜையிலிருந்து இறங்கி, ஒன்பதடி அகலத்துக்கு விரிந்து, வாசற்படியைத் தாண்டி, வராந்தாவில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட, படியிறங்கி, வேப்பமரத்தைச் சுற்றிப் போய், காம்பவுண்டுச் சுவர் ஒன்பதடிக்கு விலகிக்கொடுக்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாலையைக் குறுக்கே கடந்து, தாலுகா ஆபீசின் பின்பக்கப் பொட்டலில் போய் நின்றது.

வண்டித்தடம் இருந்தது அதில். ஒருபக்கம் ஆவாரஞ்செடி, மறுபக்கம் மண்ணுக்கு மேலே புடைத்துக்கொண்டு வந்த புளியவேர், நடுவில் நெடுக உலர்ந்த செவ்வந்தியும் பொரியும் சிதறிக் கிடந்தன.

அருள்தாசன் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதானம்மா?" என்று கேட்டார்.

பேச்சிக்கனி குனிந்து ஒரு பொரியை எடுத்துப் பார்த்தாள். "இதுதான் ஐயா."

"மணி நாலே முக்கால் ஆயிருச்சி. நகல் மனுவைத் திங்கக்கிழமை கொண்டாங்க," என்றார் அவர்.

திங்கட்கிழமை காலையில் கோர்ட்டு அமீனா சங்கிலி பிடித்துப் பாதையை அளந்தார். அகலம் ஒன்பதடி, நீளம் முந்நூற்று நாற்பதடி. பழைய முன்சீப் தீர்ப்பில் எழுதியிருந்த அளவுக்கு ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தலைமை எழுத்தரான சிரஸ்தார் கோமதிநாயகம், அலுவலகத்தின் பொறுப்பெல்லாம் தன் தலையில் இருப்பதாக நினைக்கிறவர், ஆவணத்தின் ஒரு பகுதி அனுமதியில்லாமல் அறையைவிட்டு வெளியே வந்திருக்கிறது என்று கவலைப்பட்டு, அதன் இரண்டு முனையிலும் 'கோர்ட்டு ஆவணம், சேதப்படுத்தக் கூடாது' என்று அட்டை எழுதிக் கட்டினார். வக்கீல்கள் இரண்டு நாள் இது சாட்சியப் பொருளா, வழக்குச் சொத்தா என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பைக்குகளை அதன் மேல் நிறுத்தப் பார்த்தார்கள், ஸ்டாண்டு நிற்காமல் வண்டிகள் ஒவ்வொன்றாக மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டதால் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் கேட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டார். கேட்டுக்கொண்டு போட்டதாலோ என்னவோ, அது சாயவில்லை.

சாலையைக் குறுக்கே கடந்த இடத்தில் பஸ்கள் வேகத்தைக் குறைத்தன. டிரைவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் கண்டக்டர்கள் அந்த இடத்தில் "பாதை, பாதை இறங்கு" என்று விசில் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கும் கோர்ட்டுக்கு வழி சொல்ல அது வசதியாகப் போயிற்று. முற்பகலில் காற்று மேற்கிலிருந்து அடித்தால் ரொம்ப தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்கும். அப்போது உள்ளே குறுக்கு விசாரணை பண்ணிக்கொண்டிருக்கிற வக்கீல் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, அது கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து கேட்பார். காக்கைகள் வந்து பொரி தின்றன, தின்னத் தின்ன மறுநாள் அதே அளவு பொரி கிடந்தது. கூட்டிப் பெருக்குகிற அம்மாள் அந்த முந்நூற்று நாற்பதடியை மட்டும் தினமும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கடந்து போனாள்.

முதலில் செருப்போடுதான் நடந்தார்கள். யார் முதலில் கழற்றினார் என்று தெரியவில்லை, புரட்டாசி பிறப்பதற்குள் எல்லாரும் கழற்றினார்கள். தீர்ப்பு எதிராக வந்தவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒருதரம் அந்தக் கடைசிவரைக்கும் போய்த் திரும்பினார்கள். சாதகமாக வந்தவர்களும் போனார்கள். பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத ஒரு அண்ணனும் தங்கையும் பாகப்பிரிவினை வாய்தாவுக்கு வந்த இடத்தில், தெரியாமல் ஒரே நேரத்தில் பாதையில் இறங்கிவிட்டு, யாரும் பின்வாங்காமல் கடைசிவரை போனார்கள். வழக்கை ஒன்றும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். முன்சீப் அம்மா தருமபுரிப் பக்கத்துக்காரர், முதல் போஸ்டிங். அவருடைய அப்பா இறந்தபோது அவர் பரீட்சை மண்டபத்தில் இருந்தார் என்று அருள்தாசன் கேள்விப்பட்டிருந்தார். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர் கறுப்புக் கவுனோடேயே வெறுங்காலோடு அந்தப் பாதையில் போவதையும், கடைசியில் கொஞ்ச நேரம் நிற்பதையும், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதையும் வராந்தாவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்காததுபோல இருந்தார்கள்.

பாதை எல்லாருக்கும் உதவியாக இருந்தது, பேச்சிக்கனிக்குத் தவிர. கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டிய நகல் மனுவை அவள் சொன்ன தேதியில் கொடுத்திருந்தாள், வாரிசு என்பதற்கு அத்தாட்சியும் வைத்திருந்தாள். நாலாம் நாள் அருள்தாசன் ஜன்னலுக்கு வந்து, சங்கடத்தோடு அந்தத் தபசில் தாளைக் கம்பிக்கு உள்ளேயிருந்து விரித்துக் காட்டினார். அது வெறும் தாளாக இருந்தது. பழுப்பேறிய காகிதத்தில் கோடுகூட இல்லை. எழுத்து முழுக்க வெளியே மண்ணாகக் கிடந்தது.

'எதைப் பார்த்து நகல் எடுப்பது?' என்பது கோமதிநாயகத்தின் கேள்வி. நகலின் அடியில், அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர். வெறும் தாளுக்கு அப்படிப் போட்டால், அந்த நகலில் பாதையும் இருக்காது. தீர்ப்பில் 'தபசிலில் கண்ட பாதை' என்று இருக்கும், தபசிலில் ஒன்றும் இருக்காது, தாலுகா ஆபீசில் சிரிப்பார்கள். அவர் அதைச் சிடுசிடுப்பாகச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மாதிரி ஒரு மனுவுக்குத் தனக்குப் பதில் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை என்று அவளிடமே ஒப்புக்கொண்டார்.

பாதையை மறுபடி தாளுக்குள் அனுப்பப் பலரும் பலதும் செய்து பார்த்தார்கள். கட்டை எடுத்துவந்து பாதையின் முனையில் பிரித்துவைத்தார்கள். அமீனா மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் அவர்கள் ரொம்பவும் முயலவில்லை என்பது பேச்சிக்கனிக்குத் தெரிந்தது. பாதை அவர்களுக்குப் பழகிவிட்டது. அது போய்விட்டால் அந்த இடம் எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு இப்போதே ஏக்கமாக இருந்தது. அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளும் வருகிற நாளெல்லாம் அதில் ஒருதரம் நடந்தாள். அப்பாவை அதே பாதையில்தான் கொண்டுபோனார்கள், அப்போது அவளுக்குப் பதினேழு வயசு, தெருமுனையில் பெண்களோடு நின்றுவிட்டதால் கூடப் போகவில்லை. இப்போது போனாள். ஆனால் புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்துவிட்டது, மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது, ஆண்டிமுத்துவின் கால் வீங்கி, செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்றது.

"ஓடையில தண்ணி வந்துருச்சா?" என்று அவன் தினமும் காலையில் கேட்டான். அவள் இன்னும் வரவில்லை என்றாள். வந்த அன்றைக்கும் வரவில்லை என்றுதான் சொன்னாள். அவன் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பேச்சிக்கனி ஜன்னலுக்குப் போகவில்லை. நேராகக் கோர்ட்டு அறைக்குள் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லா வழக்கும் கூப்பிட்டு முடிந்து, உன் வழக்கு என்னம்மா என்று முன்சீப் அம்மா கேட்டதும் எழுந்து நின்றாள்.

"வழக்கு இல்லம்மா. எங்கப்பா ஜெயிச்ச பாதை உங்க வாசல்ல கெடக்கு. எல்லாரும் நடக்காங்க, சந்தோசம்தான். எங்கண்ணன் போறதுக்கு அது எங்க ஊர்ல வேணும்."

முன்சீப் அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தைக் கூப்பிட்டு, ஆவணம் எரிந்துபோனாலோ காணாமல் போனாலோ இரண்டு தரப்பையும் வைத்து அதைத் திரும்ப எழுத வழி இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றார் கோமதிநாயகம். ஆனால் இது காணாமல் போகவில்லையே, கண்ணுக்கு முன்னால்தானே கிடக்கிறது என்றும் சொன்னார். அப்படியென்றால் இன்னும் நல்லது, பார்த்து எழுதலாம் என்று முன்சீப் அம்மா உத்தரவு போட்டார். எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிரதிவாதி வேலாயுதம் இறந்து நாளாகிவிட்டது. அவருடைய மகன் செண்பகராமன், ரிட்டயர்டு வாத்தியார், நிலத்தை விற்றுவிட்டுச் சாத்தனேரியிலேயே மகள் வீட்டில் இருந்தார். அவருக்கு நோட்டீஸ் போயிற்று.

அவர் வருவதற்கு முந்தின நாள் முழுக்கப் பேச்சிக்கனிக்கு அதே நினைப்புதான். அவர் ஒரே வார்த்தை, 'இது இல்லை' என்று சொன்னால் போதும். நிலத்தை வாங்கியவருக்கு வாக்குக் கொடுத்திருப்பார், பத்திரத்தில் பாதை இல்லை என்று எழுதிக்கொடுத்திருப்பார், தோற்றுப்போன அப்பாவின் பிள்ளை, எதற்கு நமக்காகச் சொல்லப்போகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

செண்பகராமன் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். எழுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. கூண்டில் ஏறச் சொல்வதற்கு முன்னால், அதைப் பார்க்கலாமா என்று கேட்டார். வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, குனிந்த தலை நிமிராமல் நடந்து, புளியவேர் புடைத்த இடம் வந்ததும் நின்று, கால் கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து கூண்டில் ஏறியபோது அவருடைய குரல் பாடம் நடத்துகிற குரலாக இருந்தது.

"நான் பத்து வயசுல அந்த வேர்ல தடுக்கி விழுந்து பல்லு போச்சு. எங்கப்பா மறிச்ச பாதை இதுதான். கோர்ட்டு தெறந்துவிட்ட பாதையும் இதுதான். நான் விக்கிறப்ப எழுதாம விட்டேன். எழுதினா வாங்க மாட்டேன்னாங்க, அதனால விட்டேன். இப்ப எழுதிக்கிடுங்க."

அவர் கூண்டைவிட்டு இறங்கும்போது படியில் கால் தடுமாறியது. பக்கத்தில் நின்ற பேச்சிக்கனி கையை நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் திரும்ப எழுதுகிற வேலை தொடங்கியது. பாதையின் வடக்கு ஓரத்தில் பேச்சிக்கனி, தெற்கு ஓரத்தில் செண்பகராமன், நடுவில் அட்டையில் அந்தப் பழுப்புத் தாளை வைத்துக்கொண்டு அருள்தாசன், அவருக்குப் பின்னால் குடை பிடித்தபடி கோமதிநாயகம். ஒவ்வொரு அடியாக அவள் என்ன இருக்கிறது என்று சொன்னாள், செண்பகராமன் ஆமாம் என்றார், அருள்தாசன் எழுதினார். வடக்கே ஆவாரஞ்செடி, ஆமாம். தெற்கே புளியவேர், ஆமாம். நடுவில் வண்டித்தடம் இரண்டு, ஆமாம். எழுதிய அடி எழுதியவுடனே தரையிலிருந்து எழுந்து போயிற்று. அங்கே கோர்ட்டின் பழைய சிமெண்டுத் தரை தெரிந்தது, அப்புறம் வேப்பமரத்தடி, அப்புறம் காம்பவுண்டுச் சுவர் வந்து இடத்தை அடைத்துக்கொண்டது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். பஸ்களை நிறுத்திவிட்டு டிரைவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள், அந்த அண்ணனும் தங்கையும் எல்லாரும் கூடவே நடந்தார்கள், ஊரே ஒரு சாவுக்குப் போவதுபோல. ஆனால் யாரும் சாகவில்லை என்பதால் அவர்களுக்குள் ஒரு மெல்லிய பேச்சும் இருந்தது. கடைசி அடியில் கிடந்த பொரியை அருள்தாசன் எண்ணிப் பார்க்கவில்லை, 'பொரியும் பூவும்' என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். காக்கைகள் கொஞ்ச நேரம் தாலுகா ஆபீஸ் சுவரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பறந்துபோயின.

அன்று சாயந்திரமே நகல் தயாரானது. கோமதிநாயகம் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஈரம் காய ஊதி, ஜன்னல் வழியாக இல்லாமல் வராந்தாவுக்கு வந்து அவள் கையிலேயே கொடுத்தார். அருள்தாசன் பதிவறை வாசலில் நின்று, அண்ணனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நான்கு தாள்தான். ஆனால் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது ஒரு மூட்டை மண்ணின் கனம் இருந்தது, கண்டக்டர் அதற்கு லக்கேஜ் கேட்கவில்லை.

ஆண்டிமுத்து அதைத் தன் கையில் கொடுக்கச் சொன்னான். எட்டாவதுவரை படித்தவன். தன்னைக் கட்டிலோடு தெருவின் கிழக்கு முனைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லுக்காலுக்கு முன்னால் இறக்கச் சொல்லிவிட்டு, தீர்ப்பை முதல் வரியிலிருந்து வாசித்தான். தெருவே நின்று கேட்டது. மூச்சு வாங்கும்போது நிறுத்தி, மறுபடி வாசித்தான். தபசிலுக்கு வந்து, வடக்கே ஆவாரஞ்செடி என்று அவன் சொன்னபோது செம்மண் தாளிலிருந்து இறங்கி, கட்டிலின் காலைச் சுற்றிக்கொண்டு, கம்பிக்கு அடியில் புகுந்து போயிற்று. கல்லுக்கால்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஓரத்தில் நின்றன, கம்பி தளர்ந்து தரையில் கிடந்தது. முருங்கைத் தோட்டத்து மேனேஜர் ஓடிவந்து பார்த்துவிட்டு, முதலாளியிடம் தான் சொல்லிக்கொள்கிறேன், அந்தத் தாளில் ஒரு ஜெராக்ஸ் மட்டும் தாருங்கள் என்றார். தாளில் எழுத்து அப்படியே இருந்தது. நகல் ஆனபடியால் இருந்திருக்கலாம்.

எல்லாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தபோது ஆண்டிமுத்து வேண்டாம் என்று கையமர்த்தினான். தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். செருப்பு நுழையாத காலைப் பாதையில் வைத்தான், அடுத்த காலை வைத்தான். கொட்டு இல்லாமல், பூ இல்லாமல், நாலு பேர் தூக்காமல் அந்தத் தெருக்காரன் ஒருத்தன் அந்தப் பாதையில் தனக்காகவே போனது அதுதான் முதல் தடவை. பேச்சிக்கனி கூடப் போனாள். பின்னால் யாரும் போகவில்லை. எல்லாரும் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டில் அவன் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். புல் முளைத்திருந்த ஒரு இடத்தைக் கையால் தடவிப் பார்த்தான். ஓடையில் தண்ணீர் பழுப்பாக, கரைதொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தண்ணி வரலன்னு சொன்னியே என்று தங்கச்சியிடம் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

பிறகு எழுந்து திரும்பி நடந்தான். அதற்கப்புறம் அவன் பதினோரு மாசம் இருந்தான். ஆனால் அன்றைக்கு, தெருவுக்கு ஏறி வருகிற பாதி வழியில் ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, தெருமுனையில் தனக்காகக் காத்து நிற்கிற அத்தனை பேரையும் பார்த்தபடி சொன்னான்:

"போறப்ப தெரியலட்டி. திரும்பி வாரப்பதான் மேடு தெரியுது."